டெமோ பீஸ்

மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
செருப்புக் கடைக்கும் ஜூஸ் கடைக்கும் நடுவில்
ஒடுங்கிக் கிடக்கிறது எங்கள் கடை.
அங்கே நான் ஒரு சத்தத்தை விற்கிறேன்.

க்ளக்.

கட்டைவிரலால் மேலே தள்ளினால்
திரை ஏறிப்போகும், அடியில் எண்கள் தெரியும்.
ஐந்து மெகாபிக்சல், புளூடூத், எஃப்எம்,
இரண்டு ஜிபி கார்டு இலவசம்.
"பெரிய போன்ல உள்ளதெல்லாம் இதுல உண்டு சார்,
விலை மட்டும் நடுவாந்தரம்."
நாளுக்கு நாற்பது தடவை சொல்வேன்,
நாற்பது தடவை தள்ளுவேன்.
நடுவாந்தரம் என்பது எட்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
என் ஐந்து மாதச் சம்பளம்.

சனிக்கிழமை சாயங்காலம் கிளாட்சன் வருவார்,
அருமனையில் ரப்பர் வெட்டுகிறவர்.
அவர் போன பிறகு திரையின் ஓரத்தில்
பால் காய்ந்த மெல்லிய தோல் ஒன்று ஒட்டியிருக்கும்.
நகத்தால் உரித்து எடுப்பேன்.

"களியக்காவிளை பக்கம் போனா ரோமிங் ஆயிடுமா?"
"அது போனுக்க குத்தம் இல்ல அண்ணே, டவருக்க குத்தம்."
"தமிழ் உண்டா இதுல?"
"இந்தி உண்டு."
சிரிப்பார். ஒருமுறை தள்ளுவார். மூடுவார்.
"பாத்துட்டுப் போறேன்."

ஆனியில் மழை பிடித்தது.
மழையென்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை.
ஆனாலும் வந்தார், குடையை வெளியே சாய்த்துவிட்டு
இரண்டு தடவை தள்ளிவிட்டுப் போனார்.
"இது என்ன சர்ச்சு மணியாடே," என்றார் முதலாளி,
"வாறவன் எல்லாம் அடிச்சிட்டுப் போக?"

பிறகு விரலால் தொட்டாலே ஓடும் போன்கள் வந்தன.
பழைய விலையின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டினேன்:
ஆறாயிரத்து இருநூறு.
அந்த வாரம்தான் அவர்
முழுப் பணத்தையும் எண்ணிக்கொண்டு வந்தார்.
மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தபோது
வாங்காமல் நின்றார்.
"குறைஞ்சு போச்சா இதுக்கு?"
நோயில் கிடக்கிற ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டார்.

பெட்டியில் புதுசு ஒன்று பாக்கி இருந்தது.
வேண்டாம் என்றார். கண்ணாடி மேசையில் கிடந்ததையே கேட்டார்.
"இதுதான் எனக்குப் பழக்கம்."

மூன்றாம் மாதம் திரும்பி வந்தார்.
முழுக்கத் திறந்தால் திரை வெள்ளை.
உள்ளே ரிப்பேர் பார்க்கும் ஷாஜி கழற்றிப் பார்த்தான்:
"ஃப்ளெக்ஸ் தேஞ்சு போச்சு. தள்ளித் தள்ளியே
ஒருத்தன் கொன்னிருக்கான் இத."
நான் பில் புத்தகத்தில் கார்பன் தாள் மாற்றினேன்.
பதினைந்து மாதம், நாளுக்கு நாற்பது.
கணக்கில் நான் மோசமில்லை.

நானூற்றைம்பது, சென்னையிலிருந்து வரணும் என்றான் ஷாஜி.
கிளாட்சன் போனைக் கேட்டு வாங்கி
மெதுவாகத் தள்ளி
பாதியில் நிறுத்தினார்.
வெளிச்சம் நின்றது.
"தோலுக்கும் தடிக்கும் நடுவுல கத்தி நிக்குமே,
அந்த மட்டுக்கு. அதுக்கு மேல போனா போச்சு."

எட்டிப் பார்த்தேன்.
ஒன்றிலிருந்து ஆறு வரை வெளியே இருந்தது.
ஏழும் எட்டும் ஒன்பதும் பூஜ்யமும் உள்ளேயே.
"ஒன்பது இல்லாம யாருக்கு அண்ணே போன் போடுவிய?"
"போடணும்னு இல்ல.
வாறத எடுத்தா போதுமே."

ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
பில் புத்தகத்தின் நீல நகலில் அந்த எண்ணைத் தேடினேன்.
கடை லேண்ட்லைனில் சுழற்றினேன்.
நாலாவது மணியில் எடுத்தார்.
க்ளக் கேட்கவில்லை. பின்னால்
இலைகளின் மேல் மழை மட்டும், நாளைக்கும் வெட்டில்லாத மழை.

"போன் சரியா இருக்கான்னு பாத்தேன்."
"இருக்கு. கேக்குது. சொல்லுங்க."

நாற்பது தடவை சொன்ன வாய்.
ஒயரை விரலில் சுற்றிக்கொண்டு
நின்றேன்.